காலியிடம் செய்த குற்றம்

குன்னூருக்கு மேலே, வெலிங்டன் பட்டாளத்தார் குறிபார்த்துச் சுடும் சத்தம் கேட்கிற தூரத்தில், வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது போய்த் தேட வேண்டாம். என் பேச்சை நம்பித் தேடிப்போன ஒருவர் அட்டைக்கடியோடு திரும்பி வந்தார். இன்னும் என் முகத்தில் விழிப்பதில்லை. அந்த ஆஸ்பத்திரியைக் கட்டும்போது சர்க்கார் சுவர்மேல் வைத்த அக்கறையைக் கூரைமேல் வைக்கவில்லை. ஆகவே உள்ளே இருந்தவர்கள் யாரும் வெளியே வர முடியாது. மழைக்கு மட்டும் உள்ளே போக எந்தத் தடையும் இல்லை.

ஆனாலும் ஆரம்பத்தில் அங்கே சிலருக்குக் குணமாகிக்கொண்டுதான் இருந்தது. யாரும் கவனிக்காததால் தானாகத் தெளிந்து, வாசல் காவலரிடம் சொல்லிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அதைக் கெடுத்தது ஓர் உத்தரவு. ஆஸ்பத்திரியில் உள்ள ஒவ்வொரு தலைக்கும் இனி சூப்பிரண்டு பொறுப்பு என்று சென்னையில் முடிவு செய்துவிட்டார்கள். சூப்பிரண்டாக இருந்த டாக்டர் துரை அதுவரை நல்ல மனிதர். பகலில் தூங்குவார், யாருக்கும் தொந்தரவு தரமாட்டார். உத்தரவு வந்த அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று. குணமாகிப் போகிறவன் ஊரில் யார் மண்டையையாவது உடைத்தால் யார் பதில் சொல்வது? குணமாகாதவன் உள்ளேயே இருந்தால் அந்தக் கவலை இல்லை. யோசித்துப் பார்த்து, இனி யாருக்கும் குணமாக வேண்டாம் என்று தீர்மானித்தார். அதற்குப் பிறகு அவருடைய வைத்தியம் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அவருடைய பொறுப்பைச் சோதிக்க ஒரு மேற்பார்வைக் கமிட்டியும் ஏற்பட்டது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரைதான் தலைவர். வண்ணத்துப்பூச்சி பிடிக்க வலையும் கையுமாக மலையெல்லாம் அலைவதால் அவருக்குப் பூச்சித்துரை என்று பேர். கமிட்டி வந்தால் கஞ்சியைப் பார்க்காது, கம்பளியைப் பார்க்காது. எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தித் தலையை எண்ணும். சரியாக இருந்தால் டாக்டர் துரை பங்களாவில் தேநீர். குறைந்தால் விசாரணை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் விறகு வண்டி வந்தது. கதவைத் திறந்தார்கள். கருப்புசாமி என்ற நோயாளி, வண்டிக்கு இடம் வேண்டுமே என்று மரியாதையாக வெளியே போய் ஒதுங்கி நின்றார். வண்டி உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டார்கள். கருப்புசாமி கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். "பாக்க வர்றவங்க ஞாயித்துக்கெழமை வாங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. சரி என்று அவர் இறங்கி நடந்தார். தப்பித்து ஓடிய கதை இதுதான்.

மறுநாள் காலை கமிட்டி வருகிற நாள். ஒரு தலை குறைவதைக் கண்ட தலைமைக் காவலர் மரியஅந்தோணி, பொழுது விடியுமுன் பூச்சித்துரை தோட்டத்துக்கு ஓடினார். தோட்டங்களுக்குள் கைமாற்று ஆள் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு தோட்டத்தில் கொழுந்து முற்றி ஆள் பற்றவில்லை என்றால் பக்கத்துத் தோட்டம் ஆள் கொடுத்து உதவும். பிறகு இவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். மரியஅந்தோணி நேராக அழகர்சாமி மேஸ்திரியிடம் போய் நின்றார்.

"மேஸ்திரியாரே, ஒரு ஆளு கைமாத்தாக் குடுங்க. மத்தியானம் திருப்பி அனுப்பிச்சர்றேன்."

"என்ன வேலைங்க?"

"நிக்கற வேலை."

"அதுக்கு எங்கிட்ட நெறையப் பேரு இருக்காங்க. எப்பிடிப்பட்ட ஆளு வேணும்?"

"கேள்வி கேக்காத ஆளு."

"அப்பிடின்னா நம்ம இசக்கிமுத்துதான்."

இசக்கிமுத்து தேயிலைச் செடிகளை மட்டமாகக் கழித்துவிடும் கவாத்து வெட்டுகிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறியவர். மனைவி பாலாமணியோடு தோட்டத்து லைன் வீட்டில் குடியிருந்தார். நாணயமான மனிதர் என்று சொல்வதைவிட, பொய் சொல்ல வராத மனிதர் என்று சொல்லலாம். அவருக்குக் கோடு போட்ட சட்டை ஒன்றை மாட்டி, கருப்புசாமி என்று கூப்பிட்டால் 'ஐயா' என்று சொல்லும்படி மரியஅந்தோணி சொல்லிக்கொடுத்தார்.

"எம்பேரு அது இல்லீங்களே."

"உம்பேரை யாருப்பா கேட்டா? நீ அவனுக்குப் பதிலா நிக்கறே. அவன் இருந்தா என்ன சொல்லுவானோ அதச் சொல்லு."

யோசித்துப் பார்த்ததில் அது ஞாயமாகவே பட்டது இசக்கிமுத்துவுக்கு. நின்றார். ஐயா என்றார். பூச்சித்துரை அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று எண்ணினார். இறக்கையில் ஒரு புள்ளி கூடினால் இது வேறு பூச்சி என்று தூரத்திலிருந்தே சொல்கிறவர், தன் தோட்டத்து ஆளை அடையாளம் காணவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது. மகிழ்ந்துபோன துரை, "இனிமேல் கமிட்டி சொல்லாமல் வரும், எந்த நாளும் வரும்" என்று அறிவித்துவிட்டுத் தேநீருக்குப் போனார்.

மத்தியானம் இசக்கிமுத்து சட்டையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டுக் கதவருகே போய் நின்றார். கதவு திறக்கவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா. துரை எந்நேரம் வருவாரோ தெரியாது. கருப்புசாமி கெடைச்சதும் போயிரலாம்" என்றார் மரியஅந்தோணி.

"அவரைத் தேடறீங்களா?"

"எப்பிடித் தேடறது? தேடுனா காணாமப் போனது தெரிஞ்சு போகுமில்ல."

இதுவும் ஞாயமாகவே பட்டதால் இசக்கிமுத்து சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

தோட்டத்தில் மறுநாள் காலைப் பிரட்டு நடந்தது. பிரட்டு என்றால் ஆள்களை நிறுத்தி எண்ணும் வரிசை. அங்கேயும் ஒரு தலை குறைந்தது. குறைந்த தலைக்கு அழகர்சாமி மேஸ்திரிதான் பதில் சொல்ல வேண்டும். அந்நேரம் தீ மூட்டிய இடத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்த ஒரு புது ஆள், ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டார்.

"உன் பேரென்ன?"

"கருப்புசாமிங்க."

"இங்க இருக்கற வரைக்கும் இசக்கிமுத்து. கத்தியை எடுத்துக்க."

ஆக, மலைக்கு மேலேயும் தலைக்கணக்கு சரி, கீழேயும் சரி. உலகத்தில் ஒரு குறையும் இல்லை. பாலாமணி ஒருத்திதான் புருஷனைக் காணோம் என்று மேஸ்திரியிடம் வந்து நின்றாள்.

"இசக்கிமுத்து காலையில பிரட்டுக்கு வந்தானே. பாரு, அந்தா கவாத்து வெட்டிட்டிருக்கான்" என்றார் மேஸ்திரி. முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் அந்த ஆளே லைன் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் தோட்டத்தில் கொடுத்த அரிசி மூட்டை.

"அம்மிணி, உங்க ஊட்டுக்காரர் பேருலதானுங்க நான் வேலை செய்யறேன். அரிசி உங்களுக்குத்தான் சேரும். எனக்கு ஒரு பிடி போதும்."

"எங்க ஊட்டுக்காரரு எங்கைய்யா?"

"எம்பேருல ஆஸ்பத்திரிக்குள்ள இருக்காருங்க. மேஸ்திரிதான் சொன்னாரு."

பாலாமணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த ஆளைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு முன்னால் தள்ளிவிட்டால் என்ன என்று தோன்றியது. "உன்னை எதுக்கு உள்ள போட்டாங்க?" என்று கேட்டாள்.

"தாலுக்கா ஆபீசுல ஒரு கேள்வி கேட்டனுங்க."

"கேள்வி கேட்டதுக்கா?"

"பதில் வர்ற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன். அதான்." கருப்புசாமி சட்டையைத் தூக்கி முதுகில் இருந்த தழும்புகளைக் காட்டினார். பாலாமணி அரிசியில் பாதியை அளந்து அவரிடமே கொடுத்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை கதவுக் கம்பிக்கு வெளியே நின்று மரியஅந்தோணியிடம் சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்தக் கருப்புசாமி கெடைச்சுட்டா எங்காளை உட்டுருவீங்களா?"

"ஐயையோ, அப்பிடிச் செஞ்சுறாதீங்கம்மா. ஒருத்தன் காணாமப் போனதுக்கே எங்ககிட்டப் பதில் இல்ல. ரெண்டு கருப்புசாமி ஆயிட்டா அதுக்கு யாரு பதில் சொல்றது? ரெண்டு பேரையும் வெச்சுக்குவாங்க."

டாக்டர் துரையைப் போய்ப் பார்த்தாள். துரைக்குத் தமிழ் தெரியும். யாரையும் மரியாதையில்லாமல் பேசுகிற அளவுக்குத் தெரியும்.

"உன் ஆளை நான் நன்றாகச் சோதித்தேன். எனக்குப் பைத்தியம் இல்லை என்கிறான். அது முதல் அடையாளம். என் பெயர் கருப்புசாமி இல்லை என்கிறான். அது நோய் முற்றிய அடையாளம். எனக்குப் பெண்டாட்டி இருக்கிறாள் என்கிறான். கருப்புசாமிக்குப் பெண்டாட்டி கிடையாது."

"சாமீ, நான் இங்க நிக்கறனுங்களே!"

டாக்டர் துரை அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஆமாம், நிற்கிறாய். ஒரே எண்ணம் ரெண்டு பேருக்கு. இது தொற்றக்கூடியது என்று நான் ரொம்ப நாளாகச் சந்தேகப்பட்டேன்" என்றவர், பெண்கள் பகுதியில் இடம் இருக்கிறதா என்று விசாரிக்கத் திரும்பினார். அதற்குள் பாலாமணி தேயிலைச் சரிவில் பாதி தூரம் இறங்கியிருந்தாள்.

தோட்டத்துத் துரையிடம் முறையிட்டாள். பூச்சித்துரை கவனமாகக் கேட்டார், கண்கூடக் கலங்கினார். "என் தோட்டத்து ஆளை ஆஸ்பத்திரி பிடித்து வைத்திருக்கிறதா? இது பெரிய அக்கிரமம். மேற்பார்வைக் கமிட்டித் தலைவரிடம் போய்ச் சொல். புதன்கிழமை கிளப்பில் இருப்பார். ரொம்பக் கண்டிப்பான ஆள்."

புதன்கிழமை கிளப்பின் பின்வாசலில் காத்திருந்தாள். பூச்சித்துரையே வேறு தொப்பி வைத்துக்கொண்டு வந்தார்.

"கமிட்டித் தலைவர் நான்தான். என்ன விஷயம்?"

"அன்னிக்கு உங்ககிட்டச் சொன்னனுங்களே சாமி!"

"அது தோட்டத்துத் துரையிடம் சொன்னது. நான் கமிட்டி. தோட்டத்து ஆள் போயிருந்தால் தோட்டத்துத் துரை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். இதுவரை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரை நான் சும்மா விடப்போவதில்லை."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாலாமணி அதை யோசித்துப் பார்த்தாள். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியதால் பாதி வழியில் விட்டுவிட்டாள்.

மழை போய்ப் பனிக்காலம் வந்தது. உள்ளே இசக்கிமுத்துவுக்கு வைத்தியம் நடந்தது. விடியற்காலையில் குழாயடியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, "உன் பேர் என்ன?" என்று கேட்பார்கள். கருப்புசாமி என்று சொன்னால் கம்பளி கிடைக்கும். இசக்கிமுத்து ஒவ்வொரு முறையும் சொந்தப் பெயரையே சொன்னார். ஒவ்வொரு முறையும் அதே தண்ணீர்தான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பி வழியாகப் பாலாமணி வர்க்கி பிஸ்கோத்து கொடுப்பாள். அதைக் கடிக்கவிடாமல் இருமல் வந்து வந்து போகும்.

"பேர மாத்திச் சொன்னாத்தான் என்னங்க? குளிராவது அடங்குமில்ல."

"அது பொய்யி புள்ள."

"பொய்யின்னா என்ன?"

"இன்னிக்குப் பேர மாத்திச் சொன்னா, நாளைக்கு எது நெசம்னு எனக்கே தெரியாமப் போயிருமில்ல" என்றார் இசக்கிமுத்து. இருமல் அடங்கவில்லை.

கோடைக்காலம் வந்தது. சென்னையில் சட்டசபையில் ஒருவர் எழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகள் தப்பிப்போகிறார்களே, யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டது சமவெளியில் இருந்த வேறோர் ஆஸ்பத்திரியைப் பற்றி. சர்க்கார் விசாரணைக் கமிஷன் போட்டது. அது ஏப்ரல் மாதம். ஆகவே கமிஷன் நன்றாக ஆலோசித்து, நீலகிரியில் உள்ள ஆஸ்பத்திரியை விசாரிப்பது என்று முடிவு செய்தது.

கமிஷன் துரை வந்து முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் டாக்டர் துரை, மறுபக்கம் பூச்சித்துரை. "இங்கே ஏதாவது தப்பு நடந்ததா?" என்று கேட்டார்.

"ஒன்றுமே இல்லை" என்றார் டாக்டர் துரை பெருமையாக.

கமிஷன் துரையின் முகம் வாடிவிட்டது. "டாக்டர், நான் சென்னை வெயிலை விட்டு இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறேன். தப்பே இல்லை என்று திரும்பிப் போனால் அடுத்த கோடைக்கு என்னை எதற்கு அனுப்புவார்கள்? சின்னதாக ஒன்று இருந்தாலும் போதும். பெரிதாக வேண்டாம். பெரிய தப்பில் நம் பெயரெல்லாம் வரும்."

விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்ப டாக்டர் துரைக்கு மனசில்லை. கருப்புசாமி என்ற ஒரு நோயாளி விறகு வண்டி வந்த அன்று வெளியே போய்விட்டதை ஒப்புக்கொண்டார். கமிஷன் துரை எழுந்து அவர் கையைக் குலுக்கினார். பிறகு யார் பொறுப்பு என்ற விசாரணை தொடங்கியது.

"இருக்கிற தலைகளை எண்ணுவது என் பொறுப்பு" என்றார் பூச்சித்துரை. "போன தலையை எப்படி எண்ணுவது?"

"எல்லாத் தலைக்கும் நான் பொறுப்பு" என்றார் டாக்டர் துரை. "எல்லாவற்றுக்கும் பொறுப்பானவனிடம் ஒன்றைப் பற்றிக் கேட்பது முறையல்ல."

முறையல்லதான் என்று கமிஷன் துரை ஒப்புக்கொண்டார். மரியஅந்தோணியைக் கூப்பிட்டார்கள்.

"கதவைத் தொறக்கறது எம்பொறுப்புங்க. நல்லாத்தான் தொறந்தேன். ஆளப் பாத்துச் சாத்தறது ரெண்டாம் காவலர் பொறுப்பு."

"அந்த ரெண்டாம் காவலனைக் கூப்பிடு!"

"அப்பிடி ஒருத்தர் இல்லீங்க. இந்தக் குளிருக்கு யாரும் வர்றதில்லை. அந்த எடம் எப்பவுமே காலிங்க."

குற்றவாளி கிடைத்துவிட்டான், ஆனால் அவன் காலியிடமாக இருந்தான். காலியிடத்தை வேலையை விட்டு நீக்க முடியாது. பங்களாவிலிருந்து வறுத்த கோழியின் வாசனை வேறு வந்தது.

மரியஅந்தோணி தொண்டையைக் கனைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாமணி பார்க்கிற பார்வை அவரைக் கொஞ்ச நாளாகவே சாப்பிடவிடவில்லை. "வேலையில வெச்சாத்தானுங்களே வேலையை உட்டு நீக்க முடியும்? அந்த எடத்துக்கு இப்பவே ஒரு ஆளப் போட்டுட்டா..." என்று இழுத்துவிட்டு, முற்றத்து மூலையில் விறகு பிளந்துகொண்டிருந்த இசக்கிமுத்துவைக் காட்டினார்.

"அவன் பைத்தியம் அல்லவா?" என்றார் கமிஷன் துரை.

டாக்டர் துரை எழுந்து போய் இசக்கிமுத்துவின் இமையை விலக்கிப் பார்த்தார். "இவ்வளவு தெளிவான மனிதனை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை" என்றார். "இவன் கருப்புசாமியே அல்ல. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே!"

இசக்கிமுத்துவுக்கு ஒரு காக்கிக் கோட்டு மாட்டினார்கள். கழுத்தில் விசில் தொங்கவிட்டார்கள். ரெண்டாம் காவலர் என்று வாழ்த்திக் கையைக் குலுக்கினார்கள். அந்தக் கையை விடுவதற்குள் குற்றத்தையும் வாசித்தார்கள்: விறகு வண்டி வந்த அன்று கதவைக் கவனிக்காமல் கருப்புசாமியை வெளியே விட்டது இவர்தான். ஒப்புக்கொண்டால் உடனே வேலைநீக்கம். இதே நிமிஷத்தில் வெளியே போக வேண்டும்.

"நான் உடலீங்களே" என்றார் இசக்கிமுத்து. "அன்னிக்கு நான் தோட்டத்துல கவாத்து வெட்டிட்டிருந்தனுங்க."

கமிஷன் துரை கவலையோடு கடிகாரத்தைப் பார்த்தார். "மறுத்தால் சாட்சிகளை விசாரிக்க வேண்டும். அது அடுத்த கோடையில்தான் முடியும். அதுவரை குற்றவாளியைப் பத்திரமாக ஒரு இடத்தில் பூட்டிவைக்க வேண்டும். இதைவிடப் பத்திரமான இடம் இந்த ஜில்லாவிலேயே கிடையாது."

கமிஷன் வருகிற சேதி கேட்டு அன்று விடியற்காலையிலிருந்தே கதவுக்கு வெளியே நின்றிருந்த பாலாமணி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஏனுங்க! ஒத்துக்குங்க!"

"செய்யாததை எப்பிடிப் புள்ள ஒத்துக்கறது?"

"வாயில ஒரு சொல்லு. சொன்னா நாக்கா அழுகிரும்?"

"நெசம்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"இருக்கட்டும். அது இங்கயே இருக்கட்டும். நீங்க மட்டும் வாங்க!"

இசக்கிமுத்து கதவைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு குழாயடியை வெகுநேரம் பார்த்தார். கமிஷன் துரை கோழியைப் பற்றி மெல்லிய குரலில் நினைவூட்டினார்.

"ஆமாங்க" என்றார் இசக்கிமுத்து. "நாந்தான் உட்டுட்டேன்."

கோட்டைக் கழற்றினார்கள், விசிலைப் பிடுங்கினார்கள். நீக்கப்பட்டவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்பது சட்டம். மரியஅந்தோணி கழுத்தில் சும்மா கையை வைத்துக் கதவுவரை கூட்டிவந்து, கதவை முதலில் திறந்து, பிறகு ஆளைப் பார்த்துச் சாத்தினார்.

இந்த மாகாணத்திலேயே பொறுப்பு நிர்ணயிக்கப்பட்ட முதல் ஆஸ்பத்திரி இதுதான் என்று கமிஷன் துரை சாப்பாட்டுக்குப் பிறகு பேசினார். பொறுப்பு கிடைத்துவிட்டதால் ஆளைத் தேட வேண்டிய அவசியமில்லை என்றார். கருப்புசாமி அந்த வாரமே மேஸ்திரியிடம் கத்தியை ஒப்படைத்துவிட்டு, இத்தலார் பக்கம் கோசுத் தோட்டத்து வேலைக்குச் சொந்தப் பெயரிலேயே போய்ச் சேர்ந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ரெண்டாம் காவலர் இடம் மிகவும் பயனுள்ளதாக இருப்பதால் அதை என்றைக்கும் காலியாகவே வைத்திருக்க வேண்டும் என்று கமிஷன் சிபாரிசு செய்தது. சர்க்கார் உடனே ஏற்றுக்கொண்டது.

பாலாமணியும் இசக்கிமுத்துவும் சரிவில் இறங்கினார்கள். வெயில் இருந்தும் அவருக்குக் குளிர் விடவில்லை. தன் முந்தானையை அவர் தோளில் சுற்றி, கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தாள். சீகை மரங்கள் தொடங்குகிற இடத்தில் அவர் நின்றுவிட்டார்.

"ஏ புள்ள."

"என்னங்க?"

"அன்னிக்கு அந்தாளை நாந்தான் உட்டுட்டனா?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை.

"இல்லீங்க. நீங்க தோட்டத்துல இருந்தீங்க."

"உனக்கு நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். மறுபடி நின்று அதையே கேட்டார். அவள் அதையே சொன்னாள். லைன் வீடு போய்ச் சேருகிறவரைக்கும் அவர் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.